முத்திரை அதிகாரி சொல்லாமல் விட்டது

1.

இந்தக் கதைக்குக் காரணம் செல்வராஜ். ஆக்லாந்தின் வடபுறத்து ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மதுரைக்காரர். தமிழ்ச் சங்கத்தின் மாதமடலைத் தொகுப்பவரும் அவர்தான். ஒரு திங்கட்கிழமை ரதிதேவிக்குப் போன் செய்தார். "மேடம், இந்தத் தடவை ராஜா காலத்துக் கதை ஒண்ணு கொடுங்க. கோட்டை, டிராகன், மந்திரம்னு எல்லாம் இருக்கட்டும். பத்தாம் தேதி மடல் போகுது."

சரி, அது பொய். செல்வராஜ் கேட்காவிட்டாலும் ரதிதேவி எதையாவது எழுதித்தான் இருப்பாள். ஏனென்றால் அதற்கு முந்தின சனிக்கிழமை— (அது மூன்றாம் பகுதியில் வரும். இப்போதே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.)

ரதிதேவி யார் என்றால், இதை எழுதுகிறவள். 'நான்' என்று எழுதினால் கை தானாகவே தனக்கு வக்கீல் வேலை பார்க்கத் தொடங்குகிறது. அதனால் 'அவள்'. அதே ஊரில் த்ரீ கிங்ஸ் பகுதியில் வீடு, மருந்துக்கடையில் வேலை, ஐம்பத்தாறு வயது. சனிக்கிழமைகளில் தென் ஆக்லாந்தில் ஒரு நூலகத்து மூலையில் மேசை போட்டு உட்காரும் சமாதான நீதவான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அவள் யாரையும் சிறையில் போடுவதில்லை. மூலப் பத்திரத்தையும் அதன் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அதன் உண்மைப் பிரதி என்று முத்திரை குத்துவாள். சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. அந்த மரியாதை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

2.

முதல் தொடக்கம்: "பவளக்கோட்டைக்கு மேலே நெருப்பு நாகம் மூன்று முறை வட்டமிட்டபோது—"

அடித்தாயிற்று. வானத்தில் நாகம் வட்டமிடும்போதும் ரதிதேவியின் மூளை ஊர்ச்சபையைச் சுற்றியே வட்டமிடுகிறது. தீயணைக்கும் குடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி யார், எரிந்த வீடுகளைப் பார்வையிட்டு எழுதுவது யார், ஆட்கள் போய் முறையிடுவது எந்த மண்டபத்தில் என்றெல்லாம் யோசிக்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்: "பவளக்கோட்டை ஊர்ச்சபையில் அதிகாரிகள் ஐந்து பேர்."

கணவர் தவராசா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உதென்ன, கவுன்சில் மீட்டிங் மினிட்ஸோ?"

"பேசாம இருங்கோ."

"டிராகன் எங்க?"

"அது வந்து எரிச்சுப்போட்டுப் போட்டுது. கதை அதுக்குப் பிறகுதான்."

[பவளக்கோட்டையில் எந்தத் தமிழ் பேசுவார்கள் என்று முடிவு செய்யவே ஒரு காலை போயிற்று. யாழ்ப்பாணத் தமிழ் என்றால் செல்வராஜ் அர்த்தம் கேட்பார், மதுரைத் தமிழ் என்றால் தவராசா சிரிப்பார். ஆகவே புத்தகத் தமிழ்.]

கடைசியில் நிலைத்தது இதுதான்:

நாகம் போன ஏழாம் நாள், முத்திரை அதிகாரி நல்லசாமி மண்டபத்தில் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், நேரம் தவறாதவர். அவர் முத்திரை இருந்தால் வாயிற்காவலர் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அன்று ஒரு பெண் ஓர் ஓலையை நீட்டினாள்.

"ஐயா, என் அம்மா கோட்டைக்கு வெளியே நிற்கிறாள். மகள் என்று நான் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அமாவாசையோடு கதவை அடைத்துவிடுவார்களாம். இது என் பிறப்பு ஓலையின் படி."

"மூல ஓலை எங்கே?"

"வீட்டோடு எரிந்துவிட்டது."

"மூல ஓலை இல்லாமல் படி ஓலைக்கு முத்திரை இல்லை, அம்மா."

3.

நடந்தது பவளக்கோட்டையில் இல்லை.

சனிக்கிழமை பதினொன்றரை மணி. வரிசையில் ஒன்பது பேர். ஒடாஹுஹுவில் பஸ் மாறி வந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தெரியாது. கௌரி என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, நீங்கள் தமிழோ?" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அம்மா இந்தியாவில முகாமில இருக்கிறா. இஞ்ச கூப்பிடுறதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன். என்ர பிறப்புச் சான்றிதழை உறுதிப்படுத்தித் தரட்டாம். இருபத்தெட்டாம் தேதிக்குள்ள குடுக்கோணும்."

நீட்டியது போட்டோக்கொப்பி. மூலம் கிளிநொச்சியில் வீட்டோடு போயிற்று. பதிவுப் புத்தகமும் இல்லையென்று அங்கத்தைய அரசாங்கக் கந்தோரில், அதாவது பதிவு அலுவலகத்தில், எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கொப்பி பெரியப்பா வீட்டு அலுமாரியில் தப்பியது.

"ஒறிஜினல் இல்லாம நான் சைன் வைக்கேலாது, தங்கச்சி. சட்டம்."

"ஓம் அக்கா, விளங்குது." பேப்பரை மடிக்காமல் நீல பிளாஸ்டிக் பைலுக்குள் வைத்தாள். நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரதிதேவி அடுத்தவரைக் கூப்பிட்டாள். அன்று பிற்பகல் முழுவதும் அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை. அந்த நன்றி இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போதுதான் உறுத்தத் தொடங்கியது.

4.

முடிவு அ. நல்லசாமி மனம் இரங்கி முத்திரை குத்துகிறார். தாயும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள். செல்வராஜுக்கு இது பிடிக்கும். ஆனால் காணாததைக் கண்டேன் என்று நல்லசாமி முத்திரை வைத்தால், மறுநாளிலிருந்து அந்த முத்திரையை யார் மதிப்பார்கள்? அவரைப் பொய் சொல்ல வைக்க ரதிதேவிக்கு மனமில்லை.

முடிவு ஆ. மறுக்கிறார், கதவு அடைபடுகிறது. "அன்று சட்டமே அழுத—" என்று எழுதப்போய், வெட்கப்பட்டு நிறுத்தினாள். சட்டம் அழாது. வெளியே நிற்கிற அம்மாதான் அழுவாள்.

முடிவு இ. இதற்காக ரதிதேவி ஒரு சட்டத்தையே உண்டாக்கினாள். நல்லசாமி அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, ஊர்ச்சபையின் பழைய சுவடியை எடுத்துப் படிக்கிறார்: மூல ஓலை அழிந்துபோனால், அது அழிந்த விதத்தை உரியவர் சத்தியம் செய்து சொல்லலாம். அதிகாரி அதை எழுதி, சொன்னவர் இவரே என்று முத்திரை வைக்கலாம். ஆக, முத்திரை ஓலைக்கு இல்லை, அவள் சொல்லுக்கு.

தன் கற்பனையை நினைத்து ரதிதேவிக்குப் பெருமை தாங்கவில்லை. தவராசாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உது நீர் கண்டுபிடிச்சதில்லையே," என்றார். "உம்மட பைக்குள்ள கிடக்கிற சத்தியக் கடதாசிப் போர்ம் தானே. பார்த்தீபன் டிகிரிச் சேர்ட்டிபிக்கட்டைத் துலைச்சுப்போட்டு வந்து நிக்கேக்க, இந்த மேசையில வச்சுத்தானே செய்து குடுத்தனீர்."

5.

ரதிதேவி பேனையை வைத்துவிட்டாள்.

சாக்குகள் உண்டு. வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். சமாதான நீதவான் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இப்படி ஒரு போர்ம் இருக்கிறது என்று சொல்வது ஆலோசனையா? பார்த்தீபன் குடும்ப நண்பர், அவர் கேட்கவில்லை, இவளாகவே சொன்னாள். 'சட்டம்' என்று சொல்லும்போது முதுகு நிமிர்ந்ததே, அந்தச் சுகத்தில் அடுத்த வாக்கியம் வாயிலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் தன்மேல் வெட்கமாக இருக்கிறது.

நேற்றுச் சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தாள். கௌரி வரவில்லை. முந்தின சனிக்கிழமைப் பதிவைப் புரட்டினாள். வந்தவர்கள் முப்பத்தொரு பேர், பத்திரங்கள் ஐம்பத்தெட்டு. பெயர் எழுதும் வழக்கம் இல்லை. மறுத்து அனுப்பியதைக் குறிக்கக் கட்டமே இல்லை. ஒடாஹுஹுவில் இரண்டு தமிழ்க் கடைகளில் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

இன்று செல்வராஜ் போன் செய்தார். "மேடம், நாளைக்கு மடல் போகணும். முடிவு வரலையே?"

"முடிவு என்னட்ட இல்லை, தம்பி."

"டிராகனாவது ரெண்டு வரி..."

"அது இருக்கிற இடத்தில இருக்கட்டும்."

6.

ஆகவே முடிவு இ-யையும் ரதிதேவி அடித்துவிட்டாள். நல்லசாமி சொன்னார், அவள் சொல்லவில்லை. அவரை வைத்துத் தனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொள்ள முடியாது. பவளக்கோட்டையில் அந்தப் பெண் இன்னும் மண்டபத்துப் படியில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மீதி உங்களிடம். இந்த மடல் பத்தாம் தேதி உங்கள் கைக்கு வரும். கௌரிக்கு இருபத்தெட்டு வரை தவணை. நடுவில் பதினெட்டு நாள். இடது கண்ணுக்குக் கீழே சின்ன மச்சம், ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். உங்களோடு வேலை செய்கிறவளாக இருக்கலாம், உங்கள் பிள்ளையைக் கூட்டிவர நீங்கள் போகும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவளாக இருக்கலாம்.

கண்டால் கதையெல்லாம் சொல்ல வேண்டாம். மூலம் எப்படி அழிந்தது என்று சத்தியக் கடதாசி எழுதி, அந்தக் கொப்பியையும் கந்தோர்க் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஏற்பார்களா என்று ரதிதேவியால் உறுதி சொல்ல முடியாது. வெறுங்கையோடு இருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். எந்தச் சமாதான நீதவானிடமும் போகலாம். ரதிதேவியின் முகத்தில் விழிக்க வேண்டும் என்றில்லை.

அந்த அக்கா ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவள் கேட்டால், சமாதானம் சொல்லாதீர்கள். அவ சொன்னது சரி, சொல்லாமல் விட்டது பிழை, அதை அவவே எழுதியிருக்கிறா என்று சொல்லுங்கள்.