ஒரு காலன் பெட்ரோல்

ஆஸ்டினை நான் கார் என்றே ஒத்துக்கொண்டதில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். சின்ன மேடு வந்தாலும் முக்கி முனகும். பாரம் ஏற்றிப் போகிற மாட்டுவண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஃபோர்டு வி-எட்டு அப்படியா? ஏழு பேரை ஏற்றினாலும் மிதித்த மிதிக்குப் பாயும். ஆறு வருஷம் அதை ஓட்டினேன். "எம் மூஞ்சிய ஒரு நாளாவது இப்டி பாத்துக்கினு இருந்திருப்பியா? அத்தப் போயி தொடச்சிக்கினே கீறியே!" என்பாள் என் பெண்டாட்டி லூர்துமேரி.

இரண்டுமே திண்டிவனத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த சின்னதுரை முதலாளியின் வண்டிகள். நாற்பத்திரண்டில் யுத்தத்தால் பெட்ரோலுக்குக் கூப்பன். கிடைத்தது ஒரு வண்டிக்கே போதவில்லை. ஒன்றை விற்றாக வேண்டும். ஆஸ்டினை முதலாளியே ஓட்டிக்கொள்வார். ஃபோர்டுக்குத்தான் டிரைவர் தேவை. ஃபோர்டு போனால் என் பிழைப்பும் போனது.

"ரெண்டுலயும் ஒவ்வொரு காலன் ஊத்தி, விழுப்புரம் ரோட்டுல ஓட்டிப் பாத்துடலாம் சவுரி," என்றார் முதலாளி.

முதல் நாள் ஃபோர்டு. டாங்கியை வடிக்கச் சொன்னார். வடித்தேன். அவர் காப்பி குடிக்க உள்ளே போனதும், வடித்ததில் முக்கால் காலனை ஜல்தியாகத் திரும்ப ஊற்றிவிட்டு, 'மாதாவே, மன்னிச்சிடு' என்று சிலுவை போட்டுக்கொண்டேன். முதலாளி வந்து தன் கையாலேயே ஒரு காலன் ஊற்றினார். வண்டியைப் பூப்போல ஓட்டினேன். இருபத்தைந்து மைல், விழுப்புரம் வந்து சேர்ந்துதான் நின்றது. முதலாளி மைலைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்டின். வேண்டுமென்றே முரட்டுத்தனமாக ஓட்டினேன். அந்தச் சனியன் அசரவில்லை! விழுப்புரத்தைத் தொட்டுத் திரும்பி, விக்கிரவாண்டியும் தாண்டி, கூட்டேரிப்பட்டுக்குக் கிட்டே வந்துதான் நின்றது.

இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்த வெச்சிக்கலாம் சவுரி? நீ சொல்றதுதான்."

அந்த 'நீ சொல்றதுதான்' என்னைக் கொன்றுவிட்டது.

"சின்னத வெச்சிக்கங்க மொதலாளி. பெருசு விக்கிரவாண்டியிலயே நின்னிருக்கும். நேத்து நான் திருட்டுத்தனமா முக்கா காலன் ஊத்திட்டேங்க."

"தெரியும்டா. ஆறு வருசமா அதுக்குப் பெட்ரோல் வாங்கிப் போடறவன் நான். அது இன்னா குடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்க சும்மா இருந்தீங்க?"

"எனக்கும் அத்த விக்க மனசு வரலடா. நீ பொய்யையே சாதிச்சிருந்தா, பெரிய வண்டிக்கு இருபத்தஞ்சு மைலே போதும்னு நானும் நம்பின மாதிரி வெச்சிக்கினு இருந்திருப்பேன். கெடுத்துட்டியேடா பாவி!"

இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விழுப்புரத்து அரிசி மில்காரர் ஒருவர் ஃபோர்டை வாங்கிக்கொண்டார். கொண்டுபோய் விடுகிற அன்று, முதலாளி மிச்சமிருந்த கூப்பனையெல்லாம் போட்டு மூன்று காலன் ஊற்றினார். எப்போதும் பின்னால் உட்காருகிறவர் முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மிச்சம் புடிக்காத சவுரி. மிதி!"

மிதித்தேன். முள் அறுபதைத் தாண்டியது. முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

பாழாய்ப்போன விழுப்புரம், அன்றைக்குப் பார்த்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.