ஒரே பிடி விதை

என் கைக்கு ராசி இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் காலண்டர் தேதி மாதிரி, யாரும் சந்தேகப்படாத விஷயம்.

பதினொரு வருடங்களுக்கு முன் அப்பா தன் சிப்பிப் பண்ணையை இரண்டாகப் பிரித்தார். குடா கடலோடு சேரும் கடல்வாயில் இருந்த மிதவைகள் அண்ணனுக்கு, குடாவின் உள்ளே இருந்தவை எனக்கு. இரண்டு பேரும் ஒரே இடத்தில் விதை என்று சொல்லும் குஞ்சுச் சிப்பி வாங்கித்தான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அண்ணனுடையது ஆறு மாதத்தில் கட்டைவிரலைத் தாண்டிவிடும். என்னுடையது ஒரு வருடமானாலும் அந்த அளவைத் தொடாது.

அண்ணன் உழைப்பில் புலி என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் விடும் குறட்டை மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். வாரத்தில் மூன்று நாள் கயிறுகளைத் தூக்கிப் பாசி சுரண்டியது நான்தான். ஆனாலும், "அவர் தொட்டா துலங்குது, இவ தொட்டா விளங்கவே மாட்டேங்குது" என்று அண்ணி ஆரம்பித்து வைத்தாள். கப்பல் வேலைக்குப் போன என் கணவர் திரும்பி வராததற்கும் இந்தக் கைதான் காரணம் என்று ஆயிற்று.

அண்ணனின் விதை கட்டும் நாளில் வீடே வட்டமாக உட்கார்ந்து கட்டும். நான் தள்ளி நின்று கயிறு அறுத்துக் கொடுப்பேன். அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தபோது எல்லார் கைக்கும் போய்வந்த குழந்தையை நான் வாங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. நானேதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இந்த வருடம் மிதவை போடும் இடத்துக்கான குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே அப்பா பேச்சை எடுத்தார். "உள்தண்ணியையும் அண்ணன் பேருக்கே எழுதிடலாம்மா. நீ அவன்கிட்ட சிப்பி கழுவுற வேலையைப் பாத்துக்க."

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது.

ஒரே பிடி விதையிலிருந்து அறுபது சிப்பிகளை எண்ணி எடுத்தேன். எல்லாம் விரல்நகத்தளவு. பிறகு மாற்றி வைத்துவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாதே, அதனால் ஒவ்வொரு ஓட்டிலும் அரத்தால் ஒரு கோடு போட்டேன். முப்பதை என் மிதவையில் கட்டினேன். மீதி முப்பதை அண்ணனுக்குத் தெரியாமல் அவன் மிதவை மூலையில் தொங்கவிட்டேன். இரண்டையும் கட்டியது இதே கைதான்.

ஐந்து மாதம் கழித்து, மகளின் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். என் பக்கம் இருந்தவை நான்கு சென்டிமீட்டர். கடல்வாயில் இருந்தவை ஏழு. அங்கே நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டம் இருக்கிறது. சிப்பி வாயைத் திறந்தால் போதும், தீனி தானாக வந்து சேரும். என் பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் புகுந்து உப்புக் குறைந்துவிடும். சிப்பிகள் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் பட்டினி கிடக்கும். என் கை என்ன பாவம் செய்தது!

இரண்டு தட்டுகளில் போட்டு அப்பாவின் கட்டில்மேல் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். ஒரு சிப்பியை எடுத்துக் கோட்டைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"உள்தண்ணியில வளராதுன்னு. நானே எத்தனை வருஷம் போட்டுப் பாத்தவன்."

"தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா?"

"அவனுக்குக் குடுத்திருந்தா ஒரே வருஷத்துல விட்டுட்டு ஓடியிருப்பான். நீ தாங்கிக்குவ."

"சரி, குடுத்தீங்க. ராசியில்லாதவ, ராசியில்லாதவன்னு பேசினாங்களே, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்லியிருந்தா நீ நல்ல தண்ணியில பங்கு கேட்டிருப்ப."

ஜன்னலைப் பார்த்தபடியே, "பத்திரம் அவன் பேருக்கு நேத்தே எழுதியாச்சு" என்றார்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் விதை கட்டினார்கள். சிப்பி கழுவும் ஆளாக நானும் போனேன். இன்றைக்கு வட்டத்தில் உட்கார்ந்தே தீருவது, யாராவது வாயைத் திறந்தால் அத்தனையையும் போட்டு உடைப்பது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். விதைக் கூடையை நோக்கிக் கையை நீட்டினேன்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள் அண்ணி. கோபமாகக்கூட இல்லை, பழக்கதோஷத்தில் சொன்னாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கால்கள் இரண்டடி பின்னால் போயிருந்தன.