இனம் தெரியாத ஈயம்

லக்சிகா வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கராஜிலிருந்த ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கிரண் வாங்கித் தன் காரின் பின்னால் அடுக்கினான். அப்பாவை ஸ்பிரிங்வேல் மயானத்துக்குக் கொண்டுபோக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. காரியம் முடிந்து வருகிறவர்களுக்குக் கராஜில்தான் கதிரைகள் போட வேண்டும்.

அப்பா விக்னராஜா டான்டினோங்கில் ஒரு டயர் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். ஐந்து நாட்களுக்கு முன் குசினியில் தேத்தண்ணீர் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். டயர் கடையில் சில்லுகளிலிருந்து கழற்றிப் போடும் ஈய எடைகள், பழைய கூரைத் தகடு, எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த ஈயத் தகடு என்று யார் எந்த ஈயம் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டு வருவார். இலக்குச் சுடும் கழகம் ஒன்றில் அவர் உறுப்பினர். கிரணும் அங்கேதான் அவருக்குப் பழக்கம், கோயம்புத்தூர்க்காரன். அங்கே ஈயத்தை உருக்கித் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொள்வார்கள்.

எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் அப்பா எதையும் உருக்கமாட்டார். சீமெந்துத் தரையில் போட்டுப் பார்ப்பார். மொத்தென்று விழுந்தால் ஈயம், கிணீரென்று ஒலித்தால் துத்தநாகம். பிறகு கடினம் வேறுவேறான பென்சில்களை எடுப்பார். மிக மென்மையானதில் தொடங்கி ஒவ்வொன்றாக ஈயத்தின் மேல் தள்ளுவார். எந்தப் பென்சில் முதலில் கீறுகிறதோ அதுதான் அந்த ஈயத்தின் கடினம் என்று அதன் எண்ணைக் கட்டியில் எழுதி வைப்பார்.

அம்மா தவறிப்போனபின் அவர் பேச்சு குறைந்துவிட்டது. போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் லக்சிகா வந்தபோது, கராஜின் நடுவில், கழகத்தில் சுடும் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவர் துவக்கைப் பார்த்தபடியே இருந்தார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கிளென் வேவர்லியில் தன் வீட்டுக்குத் திரும்பியதும் பொலிசுக்குப் போன் செய்தாள். அப்பா தன்னை ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயமாக இருக்கிறது என்றாள். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அவர்கள் வந்து துவக்கையும் லைசென்சையும் எடுத்துப் போனார்கள். அப்பா அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளும் சொல்லவில்லை.

கிரண் ஒரு கட்டியைத் திருப்பிப் பார்த்தான். போன மாதத் தேதி போட்டிருந்தது.

“துவக்கில்லாமல் அப்பா இதை எதுக்கு வார்த்தவர்?” என்று லக்சிகா கேட்டாள்.

“எங்களுக்குத்தாங்க. ஞாயித்துக்கிழமை தவறாம வருவார். யாருக்கு எது சரிவரும்னு பிரிச்சுக் குடுத்துட்டு, பின்னாடி உக்காந்து பார்ப்பார்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போவதாகத்தான் அப்பா அவளிடம் சொல்லியிருந்தார்.

துவக்கைத் திரும்ப வாங்கியிருக்கலாம், மனநலத்தில் குறையில்லை என்று டாக்டர் கடிதம் கொடுக்கத் தயாராக இருந்தார், அங்கிள்தான் மறுத்துவிட்டார் என்றான் கிரண். “‘வேண்டாம் தம்பி, என்ர பிள்ளை நிம்மதியா நித்திரை கொள்ளட்டும்’னு சொன்னார்.”

லக்சிகா கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தாள்.

“நான்தான் சொன்னனான் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“போலீஸ் வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சாம்.”

“அண்டைக்கு அப்பா துவக்கை மடியில வைச்சு என்ன செய்துகொண்டிருந்தவர்?”

“துப்பாக்கிக் குழாய்க்குள்ள ஈயம் ஒட்டிக்கிச்சு, தேய்ச்சு எடுத்திட்டிருந்தேன்னார். ஈயம் ரொம்ப மென்மையா இருந்தா அப்படி ஒட்டும்.” கிரண் காரின் கதவை மூடினான். “அதுக்கு மேல நானும் கேக்கல.”

ஸ்பிரிங்வேல் மயான மண்டபத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். வந்த தமிழர்கள் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ஆனால் வாசலோரம் ஆறு சோடிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. தடித்த பூட்ஸ்கள், பக்கங்களில் காய்ந்த சேறு. கடைசி வரிசையில் கழகத்து வெள்ளைக்காரர்கள் ஆறு பேர் காலுறைகளோடு நின்றார்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டியிருக்கும். தமிழர் காரியத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அவள் அவர்களிடம் போய், விக்னராஜாவின் மகள் என்றாள். முன்னால் நின்றவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியும் என்றார். உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் என்றார். என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஐயர் முன்னாலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

லக்சிகா வாசலுக்குத் திரும்பினாள். தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு முன்னால் நடந்தாள்.