படத்தில் விழ ஆசைப்பட்ட சூரியன்

அந்த ஆண்டு நோன்பு மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஈப்போவின் புந்தோங்கில் ஒரே ஒரு தெருவில் மட்டும் சூரியன் மறையவில்லை. பக்கத்துத் தெருவில் வழக்கம்போல மறைந்து, விளக்கும் போட்டு, கொசுவும் வந்துவிட்டது. காரணம் ஊருக்கே தெரியும். சீனியின் மகள் ஷர்மினி ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்காகத் தெருமுனையில் கேமராவை நட்டிருந்தாள். அவள் அதில் கண் வைத்திருக்கும்வரை, கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் பொழுது சாயாது. நைனா முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை அன்று பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அகப்பட்டுக்கொண்டது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லியாகிவிட்டது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருந்த நைனா முகம்மதுவின் நெற்றியில் சுள்ளென்று வெயில். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னும் எவ்ளோ நேரம்லா? வயிறு கூப்பிடுது."

"ஒரே ஒரு ஷாட்ண்ணே. முந்தானை பறக்க மாட்டேங்குது."

படமெடுப்பவர்களின் 'ஒரே ஒரு ஷாட்' எவ்வளவு நீளும் என்பது நைனா முகம்மதுவுக்குத் தெரியாததல்ல. பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் வந்து பார்த்தார், தாடியைத் தடவினார், சந்தேகமாக இருந்தால் நாற்காலியை இருட்டுப் பக்கம் போட்டுக்கொள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் கஞ்சியைக் குடிக்கப் போய்விட்டார். அன்று முதல் ஷர்மினி அங்கே படமெடுக்கும் நாள்களில் நோன்பு திறப்பவர்கள் கடையின் இருட்டுப் பாதியிலும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிக்க வந்த மற்றவர்கள் வெயில் பாதியிலும் உட்கார்ந்தார்கள். வியாபாரம் இரண்டு பக்கமும் நன்றாகவே நடந்தது.

இது ஆரம்பித்தது சில வருடங்களுக்கு முன், குனோங் ராபாட்டில் ஒரு கல்யாணத்தில். சுண்ணாம்பு மலையடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்திவெயிலில் படமெடுக்க ஏற்பாடு. அலங்காரக்கார அக்கா பெண்ணை விட்டால்தானே! கொண்டையில் பூ வைத்து முடிப்பதற்குள் சூரியன் மலைமேல் ஒரு காலை வைத்துவிட்டது. ஷர்மினி கேமராவில் கண்ணை வைத்து, யாரிடமோ சொல்வதுபோல, "கொஞ்சம் இருங்க" என்றாள். சூரியன் இருந்தது. பெண் வந்து, மடிப்புச் சரிசெய்து, மாப்பிள்ளையோடு சின்னதாகச் சண்டை போட்டுச் சமாதானமாகும்வரை இருந்தது. கல்யாண வீட்டார் நல்ல கேமரா என்று பாராட்டினார்கள்.

ஊரில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நம் கல்யாணங்களில் மேடை ஏறி அன்பளிப்பு உறையை நீட்டுகிறவர், வீடியோ எடுப்பவர் தலையசைக்கும்வரை அதை விடமாட்டார். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்து இழுப்பார், இவர் மறுமுனையை விடமாட்டார். இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க, பின்னால் வரிசை மண்டப வாசல்வரை நீளும். படத்தில் விழாமல் இறங்கினால் வந்ததற்கு என்ன சாட்சி? இத்தனை காலம் ஈப்போவுக்கு மேலேயே உதித்து மறைந்த சூரியனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இது அப்படி மணந்த வகை.

ஆனால் ஷர்மினி ஆசைப்பட்டது இதற்கு இல்லை. முழுநீளத் திரைப்படம் ஒன்றில், பெரிய திரையில், 'ஒளிப்பதிவு: ஷர்மினி சீனி' என்று ஒற்றை வரி வர வேண்டும். படிப்பு முடித்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே வெறி அது. அவள் அப்பா சீனி ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மகள் அரசாங்க வேலைக்குப் போவாள் என்று காத்திருந்து காத்திருந்து அவருக்கு வழுக்கை விழுந்துவிட்டது. "படிச்ச புள்ள, கல்யாண வீட்ல எலை எடுக்கிறவனோட சேந்து சாப்பிடுது" என்று நைனா முகம்மதுவிடம் புலம்புவார். கோலாலம்பூர் கம்பெனிகளுக்கு ஷர்மினி தன் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்த வெயில் எந்த மென்பொருளில் செய்தது என்று கேட்டுத்தான் பதில் வந்தது. வெயிலில் செய்தது என்று எழுதினாள். அதற்கப்புறம் பதில் வராது. இப்படியே முப்பதை நெருங்கினாள்.

தயாரிப்பாளர் சரளா ஈப்போவுக்கு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு வந்து, அந்திவெயில் நகராமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அங்கேயே, பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வேலை கொடுத்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல வருடமாகிறது. தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகள் ஒரு வரிசை மட்டும் மிச்சம். அங்கே ஒரு மாதப் படப்பிடிப்பு. ஷர்மினி காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு போனாள். போனபிறகுதான் தெரிந்தது, ஒளிப்பதிவாளர் தீபன் என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே வந்திருக்கிறார். ஷர்மினியை எடுத்திருப்பது சூரியனைப் பிடித்து வைக்க. சுருக்கமாகச் சொன்னால், விளக்காக.

பெட்டியைத் திரும்பக் கட்டினாள். ஆனாலும் கேமராவை விட்டுப் போக மனம் வரவில்லை. தீபனுக்காகச் சூரியன் ஒரு நொடிகூட நிற்காததால், பழுதாகிப் பேட்டரியும் இல்லாத பழைய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள்.

"சும்மா கண்ண மட்டும் வெச்சிக்கம்மா," என்றார் தீபன். "சூரியனுக்கு எங்க தெரியப்போகுது?"

கோலாலம்பூர்க்காரர்கள் செய்த தப்பு அதுதான். உள்ளே ஒன்றும் ஓடாத கேமராவுக்கு மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டு நின்றதாகத் தெரிந்தால், கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா என்ன செய்வார்? அதையேதான் சூரியனும் செய்தது. மூன்று வாரம் ஏமாந்து நின்றது. நான்காம் வாரத்தில் ஒரு நண்பகலில், ஒரு வார்த்தை சொல்லாமல், மறைந்துவிட்டது. மறுநாள் உதிக்கவும் இல்லை. சுற்றிலும் செம்பனைக் காட்டில் வெயில் கொளுத்த, தோட்டத்தின் மேல் மட்டும் கும்மிருட்டு. நான்கு நாள் அப்படியே போயிற்று. படத்தின் கடைசிக் காட்சி பாக்கி. தோட்டத்தைவிட்டுப் போகிற பெண் லயத்து வீட்டைப் பூட்டுகிற காட்சி. நடிகைக்கு மறுநாள் விமானம். சரளா ஷர்மினியிடம் சூரியனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? கேமராவக் குடுங்க, எடுக்கிறேன். இல்லன்னா நான் வாரேன்."

"இருட்டுல என்னத்தலா எடுப்ப?" என்று தீபன் கேட்டார்.

அந்தச் சாயங்கால நேரத்தில்தான், தோட்டத்தில் சூரியன் விழுந்துவிட்டதாக ஜெலாப்பாங்கில் கேள்விப்பட்ட சீனி, மகளைக் கையோடு கூட்டிப் போவதற்காகத் தன் பழைய காரில் வந்து சேர்ந்தார். காரின் ஒரு விளக்கு மங்கல். அந்த மங்கல் வெளிச்சம் லயத்துப் பலகைச் சுவரில் விழுந்தது. பலகை இடுக்குகள் வழியாக உள்ளே கோடு கோடாக நுழைந்தது. வாசலில் நின்ற நடிகையின் நிழல் கூரைவரை எழும்பியது. ஷர்மினி அதைப் பார்த்தாள். அவள் கண் மாறியது.

"ப்பா, எறங்காதீங்க. கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. இன்னும். போதும், விளக்க அணைக்காதீங்க."

இருபத்தொன்பது வருடத்தில் மகள் சொல்லி சீனி கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் குரலில் வேலை தெரிந்தது என்று பின்னால் சொன்னார். சரளா தீபனைப் பார்க்க, தீபன் கேமராவைவிட்டு நகர்ந்தார், ஷர்மினி அதில் கண்ணை வைத்தாள். நடிகை கதவைப் பூட்டினாள், சாவியைப் பிடித்தபடி நின்றாள், அவள் நிழல் மட்டும் வீட்டைவிட்டு இறங்க மறுத்தது.

தன்னை விட்டுவிட்டுப் படம் ஓடுவது எப்படியோ சூரியனுக்குத் தெரிந்துவிட்டது. பனைகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு துணிந்து, பாதி ஷாட்டில், திரையின் இடது மூலைக்குள் தலையை நீட்டியது.

"வந்துருச்சு, வந்துருச்சு! அதைப் பிடி!" என்று சரளா கத்தினார்.

ஷர்மினி கண்ணை எடுக்கவில்லை. "ஓரமா நிக்கச் சொல்லுங்க. எனக்கு இப்ப இந்த வெளிச்சந்தான் வேணும்."

சூரியனிடம் இதை எப்படிச் சொல்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சீனிதான் கார் ஜன்னலில் தலையை நீட்டி, மரியாதையாகக் கையைக் காட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாப்பா வேல செய்யிது" என்றார். சூரியன் பனைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, ஷாட் முடியும்வரை சத்தமில்லாமல் நின்றது. படப்பிடிப்புக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாற வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

விளக்கை எரியவிட்டதில் காரின் பேட்டரி இறங்கிவிட்டது. தீபனும் நாலைந்து பேரும் தள்ளினார்கள். ஷர்மினியும் கை வைக்கப் போக, சீனி அவளை அதட்டினார்.

"நீ எதுக்குத் தள்ளுற? நீ கேமராமேன்லா. ஏறி உக்காரு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் பார்த்தபடியே அழுதாள். அவரும் முன்னால் பார்த்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். செம்மண் பாதையில் பெரிய ரோடு வரும்வரை, மறைய வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியும், சூரியன் காரோடு கூடவே வந்தது. கேமரா பெட்டிக்குள் பூட்டித்தான் இருந்தது.