நனைத்துப் பார்த்த துணி

ஒரு பொருளைப் பார்த்தால் அது எதனால் ஆனது, எப்படி ஆனது என்று விஜயம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. அந்தக் குணம்தான் அன்று மாலை அவளை வம்பில் மாட்டிவிட்டது.

பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் அவளுக்கு ஒரு ரப்பர் ஷீட் கொட்டகை உண்டு. ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் பிழிந்து ஷீட்டாக்குவாள். பிழிந்த தண்ணீர் பின்பக்கக் குழியில் கிடந்து அழுகி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆனந்தபாயின் கிணற்றுக்குள் ஊறிவிட்டது. ஆனந்தபாய் பஞ்சாயத்தில் பராதி கொடுத்தாள். பேச்சையும் நிறுத்தினாள். நான்கு மாதமாயிற்று. நாளைக் காலை பதினொரு மணிக்குச் சோதிக்க ஆள் வருகிறார். வெளியே விடும் தண்ணீர் சரியில்லை என்றால் கொட்டகைக்குப் பூட்டு.

இதற்கு வழி கொண்டுவந்தவளும் ஆனந்தபாயின் மகள்தான். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி படிக்கும் ஷிஜி ஒருத்திதான் வேலிக்கு இரண்டு பக்கமும் போய்வருவாள். நான்கு துண்டுகள் இருந்த உறையைப் பிரிக்காமலே காட்டினாள்.

"துணி மாதிரி இருக்கும் மாமி, ஆனா நாராக்கும். பசைய கரண்டு வச்சு இழுத்தா நூலாட்டு பறந்து வந்து படியும். ஒரு தலைமுடிய நானூறா பொளந்தா என்ன கனமோ, அதாக்கும் ஒரு நாரு."

"பொளந்து பாத்தது ஆரு?"

"மைக்ரோஸ்கோப்புல பாத்தேன்."

"பிழிஞ்ச வெள்ளம் அதுக்குள்ள போவுமா?"

"வெள்ளம் போவும். ரப்பர் பொடியும் அழுக்கும் மேலயே நிக்கும். ஆசிடுக்குத் தனியாட்டு சுண்ணாம்பு போடணும். நாளைக்கி காலத்த வந்து மாட்டுதேன். தொடாதீங்க, கேட்டியளா."

தொடாதே என்று சொன்னால் விஜயம்மா அதைப் பாதி அனுமதியாகவே எடுத்துக்கொள்வாள். போதாதற்கு இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. உடுக்கும் முண்டானாலும் துடைக்கும் துவர்த்தானாலும் புதுத்துணியை ஒரு முறை நனைத்து உலர்த்தாமல் எடுக்க மாட்டாள். கடைக் கஞ்சிப்பசை போக வேண்டாமா? உறையை வைத்துவிட்டு ஷிஜி படியிறங்கியதும் அதைப் பிரித்து, ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தண்ணீர் நிறைந்த பேசினில் போட்டாள். முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு குனிந்தால், பேசினில் துண்டைக் காணோம்.

கையை விட்டுத் துழாவினாள். வெறும் தண்ணீர். கொஞ்சம் வழுவழுப்பு, அவ்வளவுதான். துவர்த்தில் வடிகட்டியும் பார்த்தாள். ஒரு இழைகூடச் சிக்கவில்லை. பயத்துக்கு முன்னால் அவளுக்கு ஆச்சரியம்தான் வந்தது. கண் முன்னால் ஒரு துணி எங்கே போகும்? விரலை முகர்ந்தாள், நக்கிக்கூடப் பார்த்தாள். லேசாகப் புளித்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. வேண்டுமென்றே அழித்தாள் என்று ஆனந்தபாய் ஊரெல்லாம் சொல்வாள். பிள்ளை மாதக்கணக்கில் செய்த வேலை. மறைத்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. போன் போட்டாள்.

ஷிஜி வந்து பேசினைப் பார்த்தாள். இன்னொரு துண்டின் மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டாள். அதுவும் போய்விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, இது சுடாததாக்கும். சிட்ரிக் ஆசிட் சேத்த நாரு. நல்ல சூட்டுல வச்சாதான் வெள்ளத்துல கரையாது. சுட்டது லேசாட்டு மஞ்சளடிக்கும். நான் கவர மாத்தி எடுத்திட்டேன், தெறந்துகூட பாக்கல்ல."

"அப்ப நாளைக்கு இத மாட்டியிருந்தா?"

"வாற ஆளுக்க கண்ணு முன்னாலயே கரஞ்சிருக்கும்."

திருவனந்தபுரத்து லேப் இந்நேரம் பூட்டியிருக்கும். நாளைக்குத் திறந்தபின் போய்வர நேரம் போதாது. விஜயம்மா யோசித்தாள். "சூடுதான வேணும் மக்கா? பினுவுக்க பேக்கரியில ரொட்டி சுடுத போர்மா உண்டே."

காலையில் ரொட்டி வெந்து இறங்கியதும் பாறசாலையில் பினுவின் செங்கல்லால் கட்டிய அடுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. இது என்ன பலகாரம் என்று பினு கேட்டான். ஷிஜி தெர்மாமீட்டரோடு அடுப்பு வாசலில் நின்று, சூடு நூற்றைம்பது டிகிரிக்கு இறங்கியதும் துண்டுகளைத் தட்டில் விரித்து உள்ளே தள்ளினாள். அரை மணி நேரத்தில் வெளியே வந்தபோது மூன்றும் பழைய காகிதம் போல மஞ்சளித்திருந்தன.

"நீங்களே நனையுங்க மாமி," என்றாள் ஷிஜி.

விஜயம்மா பேக்கரி வாளித் தண்ணீரில் ஒன்றை முக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். துண்டு கிடந்தது. பிடித்துத் தூக்கினாள். கையோடு வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து ஆள் வந்தார். சுண்ணாம்பு போட்டுக் கலக்கிய தண்ணீர் துண்டின் வழியே மெதுவாக, மிக மெதுவாகச் சொட்டியது. பாலாய்க் கலங்கி உள்ளே போனது கண்ணாடியாய் வெளியே வந்தது. அவர் ஒரு குப்பியில் சாம்பிள் எடுத்து மூடிவிட்டு, "பராதிக்காரி ஆரு? நாத்தம் உண்டான்னு நீங்க சொல்லணும்," என்றார்.

வேலியோரம் நின்ற ஆனந்தபாய் வந்தாள். வடிந்த தண்ணீரை அவர் கிளாசில் நீட்ட, வாங்கி ஒரு முறை முகர்ந்தாள். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தாள்.

"நாத்தம் இல்ல," என்றாள் ஆனந்தபாய்.

அவர் எழுதிக்கொண்டார். சாம்பிள் ரிசல்ட் வரும்வரை கொட்டகையைப் பூட்ட வேண்டியதில்லை, பின்பக்கக் குழியை மட்டும் இன்றே மூட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனந்தபாய் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மைனி," என்று பழையபடி விஜயம்மாவை முறை சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "எனக்க கெணத்து வெள்ளத்துக்கும் இதுல ஒண்ணு வேணும். துணி கரஞ்ச கதய ஷிஜி சொன்னா. இவ தந்தா நான் வாங்க மாட்டேன். நீ நனச்சுப் பாத்திட்டுத் தா."