ஒரு குடை, நாலு கால்

மராத்தி பேசும் ஊரில் பிறந்து வளர்ந்த என் மகள் ஹெலினாவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். பிடிவாதம் மட்டும் அச்சு அசலாக என்னுடையது. இதை என் வீட்டுக்காரர் ஸ்டீபன் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவார். நாங்கள் இருவரும் மோதிக்கொண்டால் அவர் நடுவில் வருவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பாவ் ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமையும் பாவ் வாங்கத்தான் போனார்.

சண்டை கம்ப்யூட்டரைப் பற்றியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிவிட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். முதலில் ஒரு வெப்சைட் பிடித்தாள். உலக உருண்டையைச் சுற்றிவிட்டு விரல் எந்த ஊரில் படுகிறதோ அந்த ஊர் ரேடியோவைக் கேட்கலாமாம். நான் சோறு வடிக்கும்போது எந்த நாட்டுக்காரனோ கூடத்தில் கத்திக்கொண்டிருப்பான். அப்புறம் இன்னொன்று. ஏதோ ஒரு தெருவின் படத்தைக் காட்டி இது எந்த நாடு என்று கேட்கும். மண்ணின் நிறத்தையும் கரண்டுக் கம்பத்தையும் பார்த்தே சரியாகச் சொல்லிவிடுவாள். பள்ளிப் பூகோளப் பரீட்சையில் மட்டும் தட்டுத்தடுமாறிப் பாஸ். கடைசியாகப் பிடித்ததுதான் இந்தப் புள்ளி வெப்சைட்.

அது ஒரு பெரிய பலகை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு புள்ளி வைக்கலாம். வைத்துவிட்டால் அடுத்த புள்ளிக்கு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒருவர் வைத்த புள்ளியின் மேலேயே இன்னொருவர் வேறு நிறத்தை வைத்துவிட்டும் போகலாம், கேட்க ஆளில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பலகை உறைந்துவிடும். அப்போது என்ன படம் நிற்கிறதோ அது அப்படியே என்றைக்கும் இருக்கும்.

ஹெலினா அதில் பல நாளாகப் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு நீலக் குடையைக் கொண்டுவந்திருந்தாள். குடைக்குக் கீழே நாலு கால்கள் மட்டும்.

"முகம் எங்கட்டி?" என்று கேட்டேன்.

"குடைக்குள்ள இருக்கு மம்மி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற மார்ச்சில் போர்டு பரீட்சை, இவள் முகமில்லாத ஆட்களுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறாள்!

"சரி, பந்தயம் வச்சுக்கிடுவோம்" என்றேன். "நாளைக்கு ஆறு மணிக்கு இந்தக் குடை ஒரு புள்ளி குறையாம நின்னுதுன்னா உனக்குத் தினம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர். நான் வாயே தொறக்க மாட்டேன். ஒரு புள்ளி குறைஞ்சிதுன்னு வையி, பரீட்சை முடியுத வரைக்கும் இத மூடி வச்சிருவேன்."

"ஒரே ஒரு புள்ளி குறைஞ்சாலுமா?"

"ஒண்ணு குறைஞ்சாலும்தான்."

"பக்கா," என்றாள்.

மூடுவதற்குப் பூப்போட்ட மேஜை விரிப்பு ஒன்றைக்கூட எடுத்து நாற்காலியில் வைத்தேன். கறுப்புக் கும்பல் என்று ஒரு கூட்டம் அந்தப் பலகையில் திரிகிறது என்பதும், கண்டதையெல்லாம் கறுப்பாக்குவதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்பதும் அவளே ஒருநாள் சாப்பிடும்போது சொன்னதுதான். தெரிந்துதான் பந்தயம் கட்டினேன். நான் ஒன்றும் ஏமாளி இல்லை.

மறுநாள் கேம்ப் ஏரியாவில் எங்கள் தமிழ்ச் சபை ஆராதனை முடிந்து, பக்கத்து ஹாலில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஹெலினா அவள் அப்பாவின் போனைப் பார்த்துக்கொண்டே ஓர் ஓரமாக நின்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கறுப்பு, குடையின் இடது விளிம்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி சமோசாவைக் கடித்தேன்.

அவள் நேராக மாதர் சங்கத்துப் பெண்கள் நின்ற இடத்துக்குப் போனாள். சபையில் அவள் தமிழில் பேசி யாரும் கேட்டதில்லை. பேசினால் சிரிப்பார்கள் என்று வாயே திறக்க மாட்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றாள். "எனக்கு ஹெல்ப் வேணும். ஒரு படம் இருக்கு. காலாவாலே, அந்த கறுப்பு கும்பல், வந்து அதை அழிக்கறாங்க. நீங்க எல்லாரும் போன்ல ஏக் ஏக், ஒண்ணு ஒண்ணா புள்ளி வைக்கணும். ஆறு மணி வரைக்கும். ப்ளீஸ்."

எதிர்பார்த்த மாதிரியே சிரித்தார்கள். ஷீலா, "என்ன படம்மா? இயேசப்பா படமா?" என்றாள்.

"இல்ல ஆன்ட்டி. குடை. நானும் கீர்த்தியும்." காது சிவந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை. "கீர்த்தி ரஞ்சன்காவ் போயிட்டா. அவளுக்கு போன் கிடையாது. டெய்லி சாயங்காலம் அவ அண்ணாவோட கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேரம் வருவா. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் புள்ளி வச்சுக்கிட்டே டைப் பண்ணிப் பேசறோம். எங்களுக்கு வேற ஜகா... இடம் இல்ல."

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கீர்த்தி எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை. எல்கேஜியிலிருந்து இரண்டும் ஒரே பெஞ்சு, மழைக்காலத்தில் ஒரே குடை. அவள் அப்பாவுக்குத் தொலைவில் இருக்கும் ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் வேலை கிடைத்து, மே மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். பிள்ளைகள்தானே, நாலு நாளில் மறந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். என் மகள் மறக்கவுமில்லை, என்னிடம் சொல்லவுமில்லை.

ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே. நான் டீயை ஆற்றிக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்போது ஜெபமணி அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் சங்கிலி ஜெபம் நடந்தால் அதற்குத் தலைவி அவர்தான். சங்கிலி ஜெபம் என்றால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பிரித்துக்கொண்டு, விடாமல் மாற்றி மாற்றி ஜெபிப்பது. ஒருவர் ஆமென் சொல்வதற்கு முன்னால் அடுத்தவர் முழங்காலில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நிமிஷம் வெறுமனே போனால் அக்கா அந்த மாதம் முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

"ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு புள்ளின்னு சொல்லுத, அப்படித்தான?" என்று ஹெலினாவிடம் கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி."

"அப்போ அஞ்சு பேர் சேர்ந்தா நிமிசத்துக்கு ஒரு புள்ளி. பத்து பேர்னா அரை நிமிசத்துக்கு ஒண்ணு. இது நம்ம சங்கிலி ஜெபம்தாம்மா! எல்லாரும் போன எடுங்க. ஒருத்தி வைக்கும்போதே அடுத்தவ தயாரா இருக்கணும். நடுவுல இடைவெளி விழப்படாது."

அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்த பெண்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஹெலினா ஒவ்வொருவர் போனிலும் வெப்சைட்டைத் திறந்து, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று விரலைப் பிடித்துக் காட்டினாள். குடையின் விளிம்பு மெல்ல மெல்ல நீலமானது.

ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. சங்கிலி என்று ஆரம்பித்த பிறகு ஜெபிக்காமல் எப்படி என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. "எல்லாரும் கண்ண மூடுவோம்," என்றார். மூடினோம். அக்காவின் ஜெபம் சின்ன ஜெபமில்லை. நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்கள் வழியாகப் பிரசவத்துக்குக் காத்திருக்கும் சகோதரிகள் வரைக்கும் வந்துதான் ஊருக்குள் நுழையும். அதுவரைக்கும் யாரும் கண் திறப்பதும் இல்லை.

திறந்திருந்தவள் ஹெலினா ஒருத்திதான். ஜெபத்தில் கண் மூடமாட்டாள் என்பதற்காகவே சின்ன வயதில் என்னிடம் எத்தனையோ கிள்ளு வாங்கியவள். அக்கா பிரசவம் வரைக்கும் வந்திருந்தபோது, ஹால் அதிர, "ஆமென்!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

எல்லாரும் வழக்கப்படி "ஆமென்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தோம்.

"என்னட்டி இது?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

ஹெலினா போனை நீட்டினாள். பாதிக் குடையைக் காணோம். அக்கா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"சரி," என்றார். "இனிமே கண்ணத் தொறந்துக்கிட்டே ஜெபிப்போம். ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. வைம்மா ஷீலா, நீலத்த!"

நான் இன்னும் வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த ஒரு தடவை, குடைக்குக் கீழே வலது ஓரத்துக் காலின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுவதைக் கண்டேன். அது கீர்த்தியின் கால். ஒரு பக்கத்துச் சாக்ஸ் கணுக்காலில் இறங்கிக் கிடந்ததிலேயே தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு வலது சாக்ஸ் ஒருநாளும் நின்றதில்லை. "சாக்ஸ இழுத்து விடுட்டி" என்று தினமும் காலையில் என் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். என் வீட்டுத் தரையெல்லாம் ஈரத் தடம் பதித்த கால் அது. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து அதை நறுக்குகிறான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஷீலா, அந்த வெப்சைட்ட எப்படித் தொறக்குறது?" என்றேன்.

ஹெலினா திரும்பிப் பார்த்தாள். "மம்மி, நீ எதிர் டீம்."

"பந்தயம் அப்படியேதான் இருக்கு. அதுக்காக ஒருத்தன் கால வெட்டுறத பாத்துட்டு நிக்கச் சொல்லுதியா?"

மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். சங்கிலி அறவில்லை. ஆட்டோவில் இருந்தும் அடுப்படியில் இருந்தும் வைத்தார்கள். ஜெபமணி அக்கா மட்டும், முடிவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று எங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வெளியே மழை கொட்டியது. ஐந்தரைக்குக் கீர்த்தி அவள் அண்ணனின் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்தாள். டைப் பண்ண நேரமில்லை என்று அன்றைக்கு ஸ்பீக்கரிலேயே பேசினாள். அவள் குரலைக் கேட்டதும் ஹெலினாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கவில்லை.

கடைசிக் கால்மணி நேரம் கறுப்புக் கும்பல் வெறிகொண்டு வந்தது. அவர்கள் வைக்க, நாங்கள் அழிக்க, மறுபடி அவர்கள் வைக்க. ஸ்டீபன்கூடக் கடைக்குப் போகாமல் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது குடை முழுசாக நின்றது. மற்ற எல்லாரும் அப்போதுதான் கையிலிருந்த புள்ளியை வைத்து முடித்திருந்தார்கள். என்னுடையது இன்னும் இரண்டு நிமிஷத்தில் திரும்ப வரும். அக்காவிடம் ஒன்று மீதி இருந்தது.

"ஏ, இந்தப் பிள்ளைக்கு ஒரு சாக்ஸ் எறங்கிக் கெடக்கே," என்றார் அக்கா. வாழ்நாள் முழுக்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சாக்ஸைப் பார்த்தே பழகிய கண். நாங்கள் வாய் திறப்பதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டார்.

"ஹெலினா!" ஸ்பீக்கரில் கீர்த்தி அலறினாள். "என் சாக்ஸ யாரோ ஏத்தி விட்டுட்டாங்க! சாக்ஸ் ஏறியிருந்தா அது நான் இல்ல!"

அதே நேரத்தில் குடையின் உச்சிக்கு வலது பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

என் போனில் புள்ளி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. வேறு யாரிடமும் இல்லை. மணியும் இல்லை.

"ஹெலினா, குடை ஓட்டைய அடைச்சா பந்தயம் உனக்கு," என்றேன். "சீக்கிரம் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "சாக்ஸ், மம்மி."

"தோத்துருவட்டி."

"தெரியும். சாக்ஸ்."

வைத்தேன். வெள்ளையின் மேல் காலின் நிறம் ஏறி, கீர்த்தியின் சாக்ஸ் கணுக்காலுக்கு இறங்கியது. பலகை உறைந்தது.

ஹெலினா எழுந்து போய், நாற்காலியில் நான் மடித்து வைத்திருந்த மேஜை விரிப்பை எடுத்து வந்தாள். அழவில்லை, என்னைக் கெஞ்சவுமில்லை. "கீர்த்தி, இனிமே மார்ச் வரைக்கும் நான் வர மாட்டேன்," என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் குரல் கொஞ்சம் உடைந்தது. விரிப்பை உதறித் திரையின் மேல் போடப் போனாள்.

நான் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பந்தயத்தில் ஜெயித்தவள் நான். மூடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவளும் நான்தானே? விரிப்பை அவள் கையிலிருந்து பிடுங்கி, சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆன்ட்டி," ஸ்பீக்கரில் கீர்த்தி மெதுவாகக் கேட்டாள், "குடையில ஓட்டை என் பக்கமா இருக்கே. இனிமே நான் நனைஞ்சுக்கிட்டே இருக்கணுமா?"

"எதுக்கு நனையணும்?" என்றேன். "அவகிட்ட ஒட்டி நில்லு. நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"