ஞாயிற்றுக்கிழமை வராத பூகம்பம்

செவ்வாய் கிரகத்தில் ஏற்படும் நில அதிர்வுகளை வைத்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்பவள் அனுசுயா. அருள்புரத்தில் பனியன் தைத்த ஒரு தாயின் மகள். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மாணவர்கள் பழக ஒரு அதிர்வுமானி வாங்கினாள். அருள்புரத்தில் மெஷின்கள் இரவும் பகலும் தரையை உலுக்கியதால், குண்டடம் பக்கம் தாயின் பழைய தோழி மயிலாளின் வீட்டு மூலையில் அதை வைத்தாள்.

இரண்டே மாதத்தில் மயிலாளின் சமையலறைச் சுவர் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. பக்கத்துக் கல்குவாரியின் வெடிதான் காரணம் என்று மயிலாள் மனு கொடுத்தார். குவாரியில் விதிப்படிதான் வெடி வைக்கிறார்கள், இது இயற்கையான நில அதிர்வு என்று தாலுகா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்ததும் அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு மயிலாளோடு தாலுகா அலுவலகம் போனாள். வேகமான அலை முதலில் வரும், மெதுவான அலை பின்னால் வரும், இரண்டுக்கும் உள்ள இடைவெளியே தூரத்தைச் சொல்லிவிடும், இது ஒன்றரை கிலோமீட்டர், அந்தத் தூரத்தில் வெடி வைக்கிற இடம் குவாரி மட்டும்தான் என்று விளக்கினாள். அதிகாரி தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கருவியை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார்.

"செவ்வாய்ல ஒரே ஒரு கருவிதான் சார் கேட்டுச்சு. செவ்வாயோட நடுவுல இரும்பு உருகிக் கிடக்குன்னு அதை வச்சுத்தான் சொன்னாங்க. அதை நம்புவீங்க. இந்தா இருக்குற குவாரியில வெடி வச்சாங்கன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்றாள் அனுசுயா.

மயிலாள் பதிவுகளின் தேதிகளை விரலால் தொட்டுக் காட்டினார். எல்லாம் மதியம் ஒன்றேகால்.

"ஏனுங்க சார், பூகம்பம் ஞாயித்துக்கெழமை லீவு போடுங்களா?"

அதிகாரி குவாரியில் ஆய்வுக்குத் தேதி குறித்தார். ஆய்வு நாளில் குவாரிக்காரர்கள் பட்டாசு போலச் சின்னதாக வெடித்துக் காட்டினார்கள். மறுநாளே பழைய வெடி. அனுசுயா இரண்டு பதிவுகளையும் அருகருகே ஒட்டி, ஊரில் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்துத் தடை உத்தரவு வந்தது. பிளந்த சுவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"போதும் கண்ணு, வெடி நின்னுதல்லோ," என்றார் மயிலாள்.

அனுசுயாவுக்குப் போதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மயிலாளின் வீட்டிலேயே உட்கார்ந்து, சுவருக்கான மனுவை எழுதத் தொடங்கினாள்.